ஒன்பது வாள் வரைந்த கார்டு

பிள்ளைகளே, அப்பு, ஆத்தா, இரண்டு பேரும் சேர்ந்து இதை வாசியுங்கள். குரங்கணி போய் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டீர்கள். "சோலியப் பாருங்க" என்று விரட்டினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா ஏலக்காய் எடுக்கப் போகாமல் வீட்டில் கிடந்த மாதங்கள் உங்களுக்குத் தெரியும். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு தெருமுனையில் ஹாரன் அடித்தாலே அவளுக்குக் கை நடுங்கும், நெஞ்சு அடைக்கும். கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொள்வாள். போடியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை, தேனியில் மனநல டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். "சத்துக் கொறவாம்" என்று அவளிடம் சொன்னேன். சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் செருகினேன். பைத்தியக்காரி புருசன் என்று ஊர் பேசுமே என்று பயம்.

எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. குரங்கணியில் மலையேற வருகிறவர்கள் தங்கும் விடுதியில் ஒரு மலையாளத்துப் பெண் படம் போட்ட கார்டு வைத்துப் பலன் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டு, உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அம்மாவைப் பஸ்சில் கூட்டிப்போனேன்.

அம்மா உருவிய கார்டில் ஓர் ஆள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தது. பின்னால் சுவரில் ஒன்பது வாள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பயத்தோட கார்டு, சேச்சி. வாளெல்லாம் சுவத்துலதான் இருக்கு, ஆள் மேல ஒண்ணும் குத்தலை. மனசுல இருக்குறத யார்ட்டயாவது சொல்லணும். டாக்டரப் பாத்தாலும் நல்லது" என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் என்றதும் எனக்குச் சுர்ரென்றது. "ஏம்மா, அதச் சொல்லவா கட போட்டு ஒக்காந்திருக்க? ஒம்பது வாளுன்னா ஒம்பது எதிரி. பேரச் சொல்லு."

"பேரொண்ணும் வராது, சேட்டா. இது குறி இல்ல."

"பேரு வராத கார்டு எதுக்கு? விசிறிக்கவா?"

அவள் கார்டுகளை அள்ளத் தொடங்கினாள். நான் அந்தக் கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். "நீ சொல்லாட்டி நான் சொல்றேன்" என்று மற்றக் கை விரலை மடக்கினேன். முதலில் என் பங்காளி. பிறகு சுவர்த் தகராறு செய்த பக்கத்து வீட்டுக்காரன், எஸ்டேட் கங்காணி, கல்யாணப் பந்தியில் கோபித்துப்போன உங்கள் தாய்மாமன் என்று போனது. எட்டாவதாக உங்கள் சித்தியையே சொன்னேன். ஒன்பதாவதுக்கு ஆள் அகப்படவில்லை.

"ஒம்பதாவது நீங்கதான்" என்றாள் அம்மா.

"என்னடி சொன்ன?"

"நான் நடுங்குறப்பல்லாம், 'நடிக்காதடி, நாலு பேரு பாக்கப் போறாங்க'ன்னு கதவச் சாத்துறது யாரு? பங்காளியா?"

அந்தப் பெண் என் கையை விலக்கிக் கார்டை எடுத்துக்கொண்டாள். "சேட்டன் வெளிய போங்க" என்றாள்.

பஸ்சில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். இடம் இருந்தும் நான் பின்படிக்கட்டருகே நின்றே வந்தேன். போடியில் இறங்கியதும் திரும்பிப் பாராமல், நான் எட்டாவதாக எண்ணிய சித்தி வீட்டுக்கே உங்களைக் கூட்டிவரப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெளியூர்க்காரி முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்றுதான் குமுறினேன். அவள் சொன்னதில் எது பொய் என்று தேடிப் பார்த்தேன். கதவைச் சாத்தியது நான்தான். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து கட்டிலின் அந்தப் பக்கத்து நாடா மட்டும் தொய்ந்திருந்தது.

ரேஷன் கார்டு உறையிலிருந்து சீட்டை எடுத்து, மடிப்பை நகத்தால் நீவினேன். டாக்டரம்மா எழுதியது இங்கிலீசில் இருந்தது. பின்பக்கம் தமிழில், "தேனி மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்ன சீட்டு. மறைத்து வைத்தது நான்" என்று எழுதி, முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே அவள் சாமான் வைக்கும் இடத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அவள் சீப்பை மேலே வைத்தேன்.