பொன் கிரீடத்துக்கு நான்கு பேர்

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். வீட்டில் நானும் மாமியாரும், இரண்டு கறவை மாடுகளும். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவார். அவருடைய அக்காவைப் பென்னாகரத்தில் கொடுத்திருந்தார்கள். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வந்த புதிதில் அவரிடம் எனக்குப் பயம். நான் வைத்த குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் உப்பை எடுத்துப் போடுகிறவர் அவர்.

அந்தப் பயத்தைப் போக்கியது ஒரு விளையாட்டு. ஆடிப் பதினெட்டுக்கு வந்திருந்த அண்ணி, என் போனை வாங்கி அதை அவரே ஏற்றிக் கொடுத்தார். நான்கு பேர் ஓர் அணி. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கிடைக்கிற துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு மற்ற அணிகளைச் சுட வேண்டும். கடைசி வரை உயிரோடு நிற்கிற அணி ஜெயிக்கும். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம், ஆடிக்கொண்டே பேசலாம். அண்ணி, நான், அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழிகள் இருவர் என்று அணி அமைந்தது.

முதலில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஜீப்பை ஆற்றில் விட்டு நால்வரும் முழுகிச் செத்தோம். அண்ணி எதிரி என்று நினைத்து ஒரு மரத்தை வெகு நேரம் சுட்டார். எங்காவது ஓர் இடிந்த வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு ஊர்க்கதை பேசுவோம். "அந்தக் கல்யாணத்துல பொண்ணு மூஞ்சியப் பாத்தியா கண்ணு? பிடிக்காத வூட்டுக்குப் போறாப்பல இருந்துது" என்று அண்ணி ஆரம்பிப்பார். நான் பதில் சொல்வதற்குள் யாரோ சன்னல் வழியாகக் குண்டு போடுவார்கள். நால்வரும் போய்ச் சேர்வோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

தோற்றுக்கொண்டே இருந்தாலும் கை தேறிவிடுகிறது. புள்ளி ஏறியது. அப்போதுதான் தோழிகளில் ஒருவர் பொன் கிரீடத்தைக் கண்டுபிடித்தார். சீசன் என்கிற ஆட்டச் சுற்று முடிகிறபோது குறிப்பிட்ட புள்ளியை எட்டியிருக்கிற அணிக்குப் பெயருக்கு மேலே ஒரு கிரீடம் மின்னும். அதற்குத் தினமும் ஆட வேண்டும். ஒரு நாள் விட்டால் சேர்த்தது குறையும். ஒருவர் பாதியில் போனால் நால்வருக்கும் புள்ளி போகும்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. இடிந்த வீடுகளில் ஒளிவதும் நின்றது. எனக்குக் குறி சரியாக இல்லை என்பதால், மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் பின்னால் ஓடுவது என் வேலையானது. "வலது பக்கம் வா. அங்க நிக்காத. மருந்து போடு." இவ்வளவுதான் காதில் விழும். எங்கள் வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டுந்தான் நெட் நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்கு நான் அந்தச் சந்துக்குள் போய்க் குந்திக்கொள்வேன். வெயில் இறங்காத சிமெண்டுத் தரை காலைச் சுடும். கீழே மாடு கறவைக்குக் கத்தும். பால் எடுக்க வருகிற பால்காரருக்கு ஊற்ற நேரமாகிவிடும் என்று மனது அடித்துக்கொள்ளும். ஆனால் எழுந்திருக்க முடியாது.

என் அண்ணன் குழந்தைக்குக் காது குத்தியபோதும் அப்படித்தான். கிடா வெட்டிப் பந்தி நடக்கிறது. நான் வேன் ஒன்றில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு மருந்துப் பையோடு ஓடிக்கொண்டிருந்தேன். என் அம்மா கண்ணாடியைத் தட்டி, "எல கா‌ஞ்சு போவுது, எறங்கி வா" என்றாள். கையைக் காட்டி அனுப்பினேன். நான் சாப்பிட வந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆட்டம் எனக்கு வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்கக்காகிட்ட நீயே சொல்லிக்க. என்னைய இதுல இழுக்காத" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமியாரிடம் சொல்லவே வழியில்லை. அவர் அக்கம்பக்கமெல்லாம் எங்கள் ஒற்றுமையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார். "எம் பொண்ணும் மருமவளும் தெனம் பேசிக்காம இருக்க மாட்டாங்க. எந்த வூட்ல இருக்குது இப்டி?" அதைக் கேட்ட பிறகு நான் எப்படி நிறுத்துவது? விளையாட்டை விட்டேன் என்றால், நாத்தனாரை விட்டேன் என்று ஆகிவிடும்.

கிரீடம் கிடைத்தது. அண்ணி போனிலேயே அழுதார். தோழிகள் கத்தினார்கள். நான் என் பெயருக்கு மேல் மினுங்குவதைப் பார்த்தேன். இனிமேல் விட்டுவிடுவார்கள் என்ற எண்ணம் ஒன்றுதான் எனக்கு ஓடியது. அதற்குள் ஒரு தோழி, "திங்கக்கெழம புது சீசன். இப்பவே புடிக்கலன்னா கிரீடம் எறங்கிடும்" என்றார். தொட்டியின் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அந்த மாதம் பென்னாகரத்தில் அவர்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக்குப் போனோம். அண்ணி அடுப்படியில் வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கலீங்க. மொதல்ல பிடிச்சுது. இப்ப நாலு மணி ஆச்சுன்னாலே போனத் தொடவே மனசில்லீங்க."

அவர் கிரைண்டரை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு மட்டும் பிடிச்சிருக்குதா?" என்றார். "கையெல்லாம் வலி. ஆனா பரிசு இல்லன்னா நீங்க மூணு பேரும் வருவீங்களா? சும்மா பேசறதுக்குன்னு கூப்ட்டா ரெண்டு நாள் போன எடுப்பீங்க. அப்பறம் மாடு, வேலை, கரண்ட் இல்லன்னு போயிருவீங்க. இந்த வூட்ல எங்கிட்ட யாரு பேசறாங்கன்னு நெனைக்கற? எங்க வூட்டுக்காரரு சாப்பாடு போடச் சொல்லுவாரு, கடைக்குப் போவாரு. அவ்ளோதான்."

மாவு ஒட்டியிருந்த அவர் கையைப் பார்த்தேன். உப்பு எடுத்துப் போட்ட கையா இது என்று தோன்றியது.

"கிரீடம் இல்லாமயும் வர்றேங்க" என்றேன்.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தோம்: புள்ளி சேராத சாதாரண ஆட்டத்துக்கு மாறிவிடலாம். மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர், "இத்தன மாசம் ஒழைச்சது வீணா?" என்றார். இன்னொருவர் கோபத்தில் பேச்சையே நிறுத்திவிட்டார். அவர்களும் எந்த அடுப்படியில் யாருமில்லாமல் நிற்கிறார்களோ, அது எங்களுக்குத் தெரியாது. அண்ணியால் அவர்களை விட முடியவில்லை. "இந்த ஒரு சீசன் மட்டும் கண்ணு" என்று என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

அதனால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாற்றம் உண்டு. ஓடும்போதே அண்ணி பேச்சுக் கொடுக்கிறார், நானும் பதில் சொல்கிறேன். கவனம் சிதறி அடிக்கடி சாகிறோம், கிரீடம் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். தோழிகள் எங்கள் குரல் கேட்காதபடி அணைத்து வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குச் சுடுகிறார்கள். பால்காரர் மணியடித்துக் காத்திருந்து போய்விடுகிற நாட்களில், மீந்த பாலை மாமியார் ஒன்றும் கேட்காமல் உறை ஊற்றுகிறார். மருமகள் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.