வெனிஸ் பார்த்த தண்ணி வண்டிக்காரர்

குழாயைத் திறந்ததும் விழுகிற முதல் தண்ணீர் சோணைமுத்துவின் உள்ளங்கைக்குத்தான். குடத்தோடு காத்து நிற்கிற பெண்களின் கண்ணெதிரே அதை வாயில் விட்டு, கண்ணை மூடி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டி, விழுங்கி, "ம், புடிங்கத்தா" என்பார். அதற்கப்புறம்தான் குடம் நிறையும். ஒருநாள் வாயில் லேசாக உப்புத் தட்டியது. நடுத்தெருவிலேயே துப்பிவிட்டு, "இன்னிக்கு யாவாரம் இல்ல, போங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். காலிக் குடத்தோடு நின்றவர்கள் வைத வசவில் வண்டியே வெட்கப்பட்டிருக்கும். அவர் கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திருச்சுழிக்குக் கிழக்கே போகப் போக நிலத்தடித் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நல்ல தண்ணீர் பிடித்து, குட்டியானை வண்டியில் கறுப்புத் தொட்டி ஏற்றி ஊர் ஊராக விற்பதுதான் சோணைமுத்துவின் பிழைப்பு. ஆள் ஒல்லி, அறுபதை நெருங்குகிறவர், காதில் எப்போதும் ஒரு வேப்பங்குச்சி. பொய் மட்டும் வராது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், "நல்லா இருக்கான், காதுதான் அப்பனுக்கு மேல பெருசா இருக்கு" என்று சொல்லிவிட்டு வருவார். கல்யாணப் பந்தியில் சாம்பார் எப்படி என்று இவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் போன கோடையில் வெனிஸ் நகரத்துக்குப் போய்வந்தார்.

மகள் பிரவீணா இத்தாலியில் படித்து, வெனிஸுக்கு அக்கரையில் இருக்கிற ஊரிலேயே வேலையும் பார்க்கிறாள். அம்மா அப்பா ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டாள். கொடைக்கானல் பஸ்ஸிலேயே நாலு தடவை வாந்தி எடுத்த முத்துலட்சுமி, "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார். பார்த்துவிட்டு வந்து சொல்லத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை.

முத்துராஜ் டீக்கடையில் வண்டி நின்றால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்.

"ஊரு எப்படிண்ணே?"

"அழகுதான், இல்லேங்கல. ஆனா குண்டி வைக்க ஒரு எடம் கெடையாது. படியில உக்காந்தா எந்திரிங்குறான். காப்பிக்குக் கூட, நின்னு குடிச்சா ஒரு வெல, உக்காந்து குடிச்சா ஒரு வெல."

முத்துராஜ் தன் கடை பெஞ்சை ஒருமுறை யோசனையோடு பார்ப்பார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பார்வை பிடிக்காது.

"சந்து பூராம் சந்துதான். எதுக்க ஒருத்தன் வந்தா நம்ம செவுத்தோட ஒட்டிக்கிறணும். ஒரு பாலத்துல ஏறு, எறங்கு, அடுத்த பாலத்துல ஏறு, எறங்கு. முட்டி கழண்டு போச்சு. பங்குனிப் பொங்கக் கூட்டம் அங்க தெனம் நிக்கிது. அத்தன பேரும் அண்ணாந்து படம் புடிக்கிறாக. எதப் புடிக்கிறோம்னு ஒருத்தருக்காவது தெரியுமான்னு தெரியல."

"அந்தக் கறுப்புத் தோணியில போனீகளா?"

"மக ஏறுவோம்னா. வெலயக் கேட்டேன். நம்ம வண்டிக்கு டயரே மாத்திரலாம் தாயின்னுட்டேன்."

கடையே சிரிக்கும். கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலே அவராகச் சொல்கிற சேதி ஒன்று உண்டு. அப்போது குரல் இறங்கிவிடும். வெனிஸில் முற்றத்துக்கு முற்றம் நடுநாயகமாக ஒரு கல் கிணறு இருக்கிறதாம். வாயை இரும்பு மூடி போட்டுப் பூட்டியிருக்கிறார்களாம். சுற்றிலும் கடல் தண்ணீர், குடிக்க ஆகாது. அந்தக் காலத்தில் முற்றத்தில் விழுகிற மழையை மணலில் வடியவிட்டுக் கிணற்றில் சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். "நம்ம ஊருணி மாதிரிதான்யா. அம்புட்டுப் பெரிய ராசாங்கம், மழைக்கு வானத்தப் பாத்துருக்கான்." மாடமாளிகையெல்லாம் பார்த்து அசராதவர் அப்படி ஒரு கிணற்றின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறார். கயிறு உரசி உரசிக் கல் பள்ளம் விழுந்திருந்ததாம்.

வெனிஸைப் பற்றி இத்தனையும் சொல்கிறவர் ஒன்றை மட்டும் டீக்கடையில் சொல்வதில்லை. பொய்தான் சொல்லமாட்டாரே தவிர, சொல்லாமல் விழுங்கத் தெரியும்.

அன்றைக்கு அந்தச் சந்துகளில் அவரோடு நடந்தது மகள் மட்டுமல்ல. லூக்கா என்று ஒரு பையன். "கூட வேலை பாக்குறவருப்பா" என்றாள் பிரவீணா. நெடுநெடுவென்று, கன்னத்தில் குழியோடு இருந்தான். வாய்க்கு வாய் "அப்பா" என்றான். சோணைமுத்துவின் பையைத் தூக்கிக்கொண்டான். பாலத்துக்குப் பாலம் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டான். கூட வேலை பார்க்கிறவன் எதற்காகத் தன் பையைத் தூக்குகிறான் என்பது இரண்டாவது பாலத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. தன் பாட்டனுக்குப் பாட்டன் அக்கரை ஆற்றிலிருந்து படகில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து இந்த ஊரில் விற்றவர் என்று வேறு அவன் மகள் மூலம் சொன்னான். பெண் கேட்கிறவன் என்னதான் சொல்லமாட்டான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

சோணைமுத்துவின் வகையறாவில் ஒரு வழக்கம். பெண் கொடுக்கிற ஊருக்குப் போனால், காப்பி பலகாரத்தில் கைவைக்குமுன் அந்த ஊர்த் தண்ணீரில் ஒரு கை வாங்கிக் குடிக்க வேண்டும். பெரியவர் விழுங்கிவிட்டால் சம்மதம். துப்பிவிட்டால் அத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிரவீணாவும் சின்னப் பிள்ளையில் இதைப் பார்த்து வளர்ந்தவள்தான்.

பொழுது சாயும் நேரம், ஒரு கால்வாய்ப் படிக்கட்டில் நிறுத்தி, "ஊரு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது ஊரை அல்ல என்று அவருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்தா கை தன் பழைய வேலையைச் செய்ய வேண்டும்? பாசிப் படியில் குந்தி, ஒரு கை அள்ளி, வாயில் விட்டார்.

கடல் தண்ணீரை வேறு என்ன செய்வது? துப்பினார்.

பிரவீணாவின் முகம் சுண்டிவிட்டது. லூக்கா ஓடிப்போய்க் கைக்குட்டையை நீட்டினான். கை தன்பாட்டுக்குச் செய்ததம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தார், அது முழு உண்மைதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பிய காலையில் லூக்கா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். "அவங்க வீட்டுக் குழாத் தண்ணிப்பா" என்றாள் மகள், வேறெங்கோ பார்த்தபடி. அவனிடம் வழக்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் போல. வேட்டிக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பாட்டில் குளிர்சாதனப் பெட்டியின் தலையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன ஞாயிறு வரை மூடி திறக்கவில்லை.

பிரவீணா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைக் கூப்பிடுகிறாள். "அப்பா நல்லாருக்காகளா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் அப்பாவிடம் வாயாடியவள். சோணைமுத்து வாசலில் வண்டித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பார். தேய்த்த இடத்தையே மறுபடியும் தேய்ப்பார். அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை அந்தத் தொட்டியின் பளபளப்பில் பார்க்கலாம்.

"குடிச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று போன ஞாயிறு முத்துலட்சுமி பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருந்தா?"

"நல்லா இருந்தா நல்லதுதான?"

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுல்ல சொல்லணும். சொல்லிட்டா புள்ள அங்கனயே போயிரும்லடி." சொல்லிவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டும்.

முத்துலட்சுமி வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்கய்யா என்னயக் குடுக்க வந்தன்னிக்கு இந்த ஊருல நீங்க என்ன தண்ணி குடுத்தீக?" என்று கேட்டார்.

"கெணத்துத் தண்ணி."

"கரிச்சுக் கொட்டுற தண்ணி. எங்கய்யா வாயில வச்சாரு, மூஞ்சி கோணுச்சு. பெறகு, சொம்பத் தூக்கிட்டு நின்ன ஒங்களத் தலையிலருந்து காலு வர ஒரு பார்வ பாத்தாரு. முழுங்கிட்டாரு. வீட்டுக்கு வந்து எங்காத்தாட்ட, உப்புதான், பய நல்ல பயன்னாரு. நா கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன்."

சோணைமுத்து இத்தனை வருஷமாக மாமனாருக்கு ருசி தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்.

அந்த நேரம் பிரவீணா வீடியோவில் வந்தாள். "அப்பா நல்லாருக்காகளா?" என்று வழக்கம்போல் கேட்டாள். "ஒங்கப்பாவ நீயே பாத்துக்க" என்று முத்துலட்சுமி போனை வாசல் பக்கம் திருப்பினார். பிரவீணாவின் தோளுக்குப் பின்னால், பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, அந்தக் கன்னக் குழியும் தெரிந்தது.

சோணைமுத்து தேய்ப்பதை நிறுத்தினார். உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்துவந்து மனைவியிடம் கொடுத்தார்.

"ரெண்டு மாசமாச்சே, வயித்தக் கலக்கிறப் போகுது" என்றார் முத்துலட்சுமி, மூடியைத் திருகிக்கொண்டே.

"ஊத்துடி."

உள்ளங்கையில் விழுந்த தண்ணீரை வாயில் விட்டார். கண்ணை மூடினார். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். போனுக்குள் இரண்டு முகமும் திரைக்கு நெருங்கி வந்தன. தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள் பிரவீணா.

சோணைமுத்து கண்ணைத் திறந்து, பாட்டிலுக்கு நேரே மறுபடியும் உள்ளங்கையைக் குவித்து நீட்டினார்.