துக்கத்துக்குப் போகாதவர்

புதுச்சத்திரத்தில் பெரிய ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கினால் செங்கோடனின் கோழிப் பண்ணை வரும். வரும் என்றால், அதன் இரும்புக் கேட்டு வரும். அதற்குமேல் போவது அவ்வளவு சுலபமில்லை. கேட்டை ஒட்டி மருந்துத் தண்ணீர் நிரப்பிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. லாரியாக இருந்தாலும் பெரிய மனிதர்களின் காராக இருந்தாலும் சக்கரம் அதில் முங்கித்தான் ஏற வேண்டும். ஆட்கள் குளித்து, பண்ணையில் கொடுக்கும் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கோழி செத்துக்கொண்டிருக்கும் வேறு பண்ணைக்குப் போய் வந்தவர் என்றால் அதுவும் கிடையாது, பதினைந்து நாள் கேட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. இந்தச் சட்டத்தால் சம்பந்தி வீட்டில் கெட்ட பெயர், வேலையாட்களிடம் கெட்ட பெயர், ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம்கூடக் கெட்ட பெயர். செங்கோடன் என்று விசாரித்தால் யோசிப்பார்கள். தொட்டிக்காரர் என்றால் உடனே வழி சொல்வார்கள்.

இன்றைக்கு அவருக்கு அறுபத்தெட்டு வயது. வாலிபத்தில் லாரியில் கிளீனராக ஓடியவர். வடக்கே போய்ப் போய் உடம்பு கெட்டு ஊர் திரும்பியபோது, தங்கை பெருமாயியின் புருஷன் தீர்த்தகிரி, தண்ணீர் வற்றிப்போன கிணறும் மூன்று ஏக்கர் மேட்டுக்காடுமாக என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து அந்தக் காட்டில் ஓலைக் கொட்டகை போட்டார்கள். பண்ணை ஆரம்பித்த கதையை யார் கேட்டாலும் செங்கோடன் இரண்டு ஆண்களின் கதையாகத்தான் சொல்வார். பொய் என்று சொல்ல முடியாது, முழுசும் இல்லை, அவ்வளவுதான். கொட்டகை முடிவதற்குள் குஞ்சுகள் வந்து இறங்கிவிட, அவற்றுக்குச் சூடு வேண்டுமென்று வீட்டில் இருந்த ஒரே அறையைக் காலி செய்து பல்பு தொங்கவிட்டது பெருமாயி. கைக்குழந்தையோடு அவள் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டாள். அதை ஒரு உதவியாக யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

தொட்டிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மூன்றாம் வருஷம், பக்கத்து ஊர்ப் பண்ணையில் கோழியெல்லாம் கழுத்து முறுக்கிச் சாகிறதாமே என்று வேடிக்கை பார்க்கப் போனார் செங்கோடன். போட்டிருந்த செருப்போடு அப்படியே திரும்பி வந்து தன் கொட்டகைக்குள் நடந்தார். ஒரு வாரத்தில் கொட்டகை சத்தமில்லாமல் போனது. வெள்ளைக்கழிச்சல் நோய். இரண்டு பேரும் குழி வெட்டிக் கோழிகளைப் போட்டு மூடினார்கள். யாரால் வந்ததென்று தீர்த்தகிரிக்குத் தெரியும், ஆனால் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செங்கோடன் இவ்வளவு கடுமையான ஆளாக ஆகியிருக்க மாட்டாரோ என்னவோ.

அந்தக் குழியிலிருந்து எழுந்து வந்த பண்ணைதான் இது. பிள்ளைகள் வளர்ந்ததும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துகொண்டார்கள். தீர்த்தகிரி காட்டுக்கான பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டு சங்ககிரிப் பக்கம் தனியாக ஷெட் போட்டார். அங்கே கேட்டு எப்போதும் திறந்தே கிடக்கும். வந்தவர், போனவர், வழி கேட்டவர் எல்லாம் கோழிக்கூண்டு வரைக்கும் போய் நின்று பேசுவார்கள். செங்கோடன் திட்டுவார். தீர்த்தகிரி சிரித்துக்கொண்டே, மனுஷன் வராத இடத்தில் கோழியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்பார்.

சொந்தப் பண்ணையில் செங்கோடன் யாரையும் நம்பியதில்லை. மகன் முருகானந்தம் கோழி வளர்ப்பைக் கல்லூரியில் படித்தவன், பத்து வருஷமாகக் கூடவே இருக்கிறவன். இருந்தாலும் காலையில் முதல் ஆளாக ஷெட்டுக்குள் நடந்து கோழிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது அவர்தான். தீவனம் அரைக்கும்போது கைவிட்டு அள்ளிப் பார்ப்பதும் அவர்தான். சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குகிற மனிதரிடம் எந்த மகனும் என்ன பேசிவிட முடியும்? முருகானந்தம் சரிங்கப்பா என்று சொல்லியே முன்நெற்றி வழுக்கையாகிவிட்டான்.

போன பங்குனியில் தீர்த்தகிரியின் ஷெட்டில் நோய் விழுந்தது. அன்றைக்கே அவர் போன் செய்து சொன்னார்.

"மச்சான், இந்தப் பக்கம் வந்துராதீங்க. எதுன்னாலும் போன்லயே பேசிக்கலாம்."

நாலாம் நாள் காலையில், செத்த கோழிகளை அள்ளிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போய்விட்டது. அவருடைய மகள் அபிநயா அழுதுகொண்டே செங்கோடனுக்குத் தகவல் சொன்னாள்.

புருஷன் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து, கூட்டத்துக்கு நடுவே அவள்மேல் போர்த்த வேண்டும். தாலி போனாலும் உனக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஊரறியச் சொல்வது அது. பெருமாயிக்கு செங்கோடன் ஒருவர்தான் உடன்பிறப்பு. அவர் மனைவி கந்தம்மாள் போனை வைத்ததுமே கடைக்கு ஆள் அனுப்பிச் சேலை எடுத்துவரச் சொன்னாள். கார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

செங்கோடன் கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

முந்தின நாள்தான் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. போனால் பதினைந்து நாள் திரும்ப முடியாது. தன் சட்டத்தைத் தானே உடைத்தால் நாளைக்கு எவன் மதிப்பான்? இதே கேட்டில், கோழி நோய் விழுந்த ஊரில் அம்மாவின் சாவுக்குப் போய் வந்த வேலைக்காரி சாலம்மாளைப் பதினைந்து நாள் வெளியே நிறுத்தினவர் அவர். போன இடத்திலேயே பதினைந்து நாளும் தங்கிவிடலாம்தான். ஆனால் தான் இல்லாத பதினைந்து நாளைப் பண்ணை தாங்காது என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல அவருக்கு நிச்சயமாக இருந்தது.

"நீங்க போயிட்டு அங்கயே இருங்கப்பா. இங்க நான் பாத்துக்கறேன்" என்றான் முருகானந்தம்.

மகனை அவர் பார்த்த பார்வையில் அதற்குப் பதில் இருந்தது. பிறகு எல்லோருக்கும் பொதுவாக, வரவேண்டாமென்று மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார் என்றார். செத்தவர் நோய்க்குச் சொன்னதைச் சாவுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு அவரும் காரில் ஏறியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் எப்படியோ கையில் வந்து கிடைத்துவிடுகிறது.

கந்தம்மாள் சேலைப் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். சாயங்காலம் வரைக்கும் அங்கே கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெருமாயி தலையைத் தூக்கிப் பார்த்தாளாம். கடைசியில் தூரத்துப் பங்காளி ஒருவர் அந்தச் சேலையை வாங்கிப் போர்த்தினார். கந்தம்மாள் ஷெட்டுப் பக்கம் போகாமல் பதினைந்து நாள் அங்கே வீட்டிலேயே இருந்துவிட்டு வந்து, சட்டப்படி குளித்து, சட்டப்படி துணி மாற்றி உள்ளே நுழைந்தாள். நடந்ததை ஒரே தடவை சொன்னாள். அதற்குப்பிறகு புருஷனிடம் சாப்பிட வாங்க என்பதைத் தாண்டிப் பேச்சு ரொம்பக் குறைந்துபோனது.

செங்கோடன் பண்ணையில் ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுற்றுவட்டாரத்தில் பல ஷெட்டுகள் காலியான நேரத்தில் அவருடைய முட்டை லாரி ஒரு நாள் தவறாமல் கிளம்பியது. ஆடியில் நாமக்கல்லில் பண்ணைக்காரர்கள் கூட்டம் போட்டு, இந்தத் தொழிலை இங்கே ஊன்றியவர்கள் என்று நாலைந்து பெரியவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடையில் பேசிய பூபதி என்ற தீவன வியாபாரி, கட்டுப்பாடு என்றால் என்ன என்று இளவட்டங்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளை சாவுக்கே போகாமல் பண்ணையைக் காப்பாற்றிய மனிதர் என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. செங்கோடன் குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷ உழைப்பில் ஊர் எடுத்துச் சொல்ல அந்த ஒன்றுதான் அகப்பட்டது. முன்வரிசையில் இருந்த கந்தம்மாள் எழுந்து வெளியே போய், கூட்டம் முடியும் வரை காரில் உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி மழையில் அவருக்கு டெங்கு வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ரத்தத்தில் ஏதோ குறைந்து, இழுபறியாகி, ஒரு மாதத்துக்குமேல் ஓடிவிட்டது. முதல் வாரம் நினைவே சரியில்லை. நினைவு வந்ததும் கேட்டது பண்ணையைத்தான். எல்லாம் நடக்குதுங்கப்பா என்றான் முருகானந்தம். நோயாளிக்குச் சொல்கிற ஆறுதல் என்று நினைத்து அவர் அதை நம்பவில்லை. வீடு திரும்பியதும் தடியை ஊன்றிக்கொண்டு ஷெட் ஷெட்டாக நடந்தார். தவறு கண்டுபிடிக்கத்தான் நடந்தார். பங்குனியில் குஞ்சுகளாக வந்தவை குறையில்லாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தீவனம் சரியாக இருந்தது, தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருந்தது, தொட்டியில் மருந்து புதிதாக இருந்தது. கோழிச் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சாலம்மாள்கூட, சின்னவர் நல்லாப் பார்த்துக்கிட்டாருங்க என்று மனசாரச் சொன்னாள்.

வேறொரு தகப்பனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். செங்கோடன் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமல் பண்ணை நின்றிருக்கிறது. அப்படியென்றால் பங்குனியிலும் நின்றிருக்கும். சட்டம் ஒன்றும் அவரைத் தடுக்கவில்லை. போ, போய் அங்கேயே இரு என்றுதான் அது சொன்னது. போகாதது அவர்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் சங்ககிரிக்குக் கிளம்பினார். மாதக்கணக்கில் ஏன் போகவில்லை என்றால், முதலில் அந்த ஷெட்டைக் கழுவி மருந்தடிக்கவில்லை என்பது காரணம், அப்புறம் எந்த முகத்தோடு போவது என்பது காரணம். வழியில் ஒரு நல்ல சேலை வாங்கிக்கொண்டார்.

பெருமாயி வாசலுக்கு வந்து, வாங்ணா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். முகத்தில் கோபம் இல்லை. இளைத்துப்போய்ட்டீங்களே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இலை போட்டு, ரசம் ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். ஜன்னல் வழியே பின்னால் இருந்த ஷெட்டு தெரிந்தது, கூண்டெல்லாம் திறந்து கிடந்தது. அவர் அந்தப் பக்கம் பார்ப்பதைக் கண்டு, அங்க கோழியெல்லாம் நல்லா இருக்குதுங்களா என்று விசாரித்தாள். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

கை கழுவிவிட்டு வந்து சேலைப் பையை அவள் மடியில் வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மனதில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டார்.

"நான் வந்திருக்கலாஞ் சாமி. வந்து பதினஞ்சு நாள் இங்கயே இருந்திருக்கலாம். பையன் பாத்திருப்பான். பண்ணைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. இப்பத்தான் எனக்கே தெரியுது."

சொல்லிவிட்டு அழுதார். பாரம் இறங்கியதுபோல இருந்தது. திட்டட்டும், அடிக்கட்டும், எதுவானாலும் சரி என்று தலை குனிந்து காத்திருந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் இளைத்துப்போனதைப் பார்த்துக் கலங்கிய பெருமாயியின் முகம், இப்போது வேறு யாரையோ பார்ப்பதுபோல ஆகிவிட்டது.

"ஏங்ணா அதைச் சொன்னீங்க?" என்றாள். "பொறந்த ஊட்டுல இருந்து ஏன் வரலைன்னு ஊரே கேட்டுச்சு. எங்கண்ணன் வந்தா அத்தனை கோழியும் போயிரும், அவரால எப்படி வர முடியும்னு நானேதான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளா சோறு தின்னேன். இனி நான் என்னத்தைச் சொல்லிக்கட்டும்?"

அவள் மடியிலிருந்த பையை எடுத்து, சேலையை வெளியே எடுக்காமலே வாயை மடித்து, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பெஞ்சின்மேல் வைத்தாள். பிறகு அவர் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.