வெள்ளைச் சுவர், நீல நிலை

மலேசியாவில், இந்த ஈப்போவில், சுவருக்கு அடிக்கிற சாயம் தகர டப்பாவில் வருகிறது. மூடியைத் திறந்து, குச்சியால் கிண்டி, அப்படியே அடிக்க வேண்டியதுதான். எங்கள் தோவாளைப் பக்கத்தில் சுண்ணாம்பு நீற்றினால் பானை கொதிக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. மழை பெய்கிற மதியங்களில் டப்பா வாசனை தலைக்கேறி, எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை, ஊரில், பிறந்த அன்றே போய்விட்டது. இதுவாவது தங்க வேண்டுமே என்று எந்நேரமும் பயம். பிள்ளை வரப்போகிற அறையை நானே சுத்தமாக்குவோம் என்று பிரஷை எடுத்தேன். எங்கள் வீட்டைப் போலவே சுவருக்கு வெள்ளை, நிலைக்கும் சன்னலுக்கும் நீலம். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. வீட்டுக்காரச் சீனத்தம்மாள் நிலையின் மேல் ஒட்டியிருந்த சிவப்புத் தாளை நனைத்து உரித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்போடு பிரஷை இழுத்தேன். ஒரு பிசிறு இல்லை! பிறகு தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, அரைத்தூக்கத்தில், அந்த நீலத்துக்குள் எங்கள் வயல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனத்தம்மாள் எட்டிப் பார்த்தாள். “தா போலே! தா போலே!” கூடாதாம். என் வயிற்றைக் காட்டினாள், சுவரைக் காட்டினாள், ஓடினாள். சிவப்பு டப்பாவோடு வந்து ஸ்டூலில் ஏறி, என் நீலத்தின்மேல் அப்பினாள். வெள்ளையெல்லாம் சிவப்புத் தெறித்தது. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்நேரம் வேலை முடிந்து வந்த என் கணவர் அவளிடம் மலாயில் விசாரித்தார்.

“ஏட்டி, செவப்புத் தாள உரிச்சியா? சாவு வீட்டுலதான் இவுங்க அத எடுப்பாவளாம். வெள்ளையும் நீலமும் சாவுக்குள்ள நெறமாம். பிள்ள வாற அறையாச்சேன்னு அந்தப் பொம்பள பதறிட்டா.”

அந்தப் பயம் எனக்கும் தெரிந்த பயம். சன்னலில் நீலம் இன்னும் மிச்சமிருந்தது. எழுந்துபோய் அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

மகன் நல்லபடியாகப் பிறந்து, சீனத்தம்மாள் கையிலேயே வளர்ந்தான். அவன் பள்ளிக்கூடம் போகிற வயதில் முதல்முறையாக ஊருக்குக் கூட்டிப்போனோம். மருமகன் வருகிறான் என்று என் அண்ணன் வீடு முழுக்க வெள்ளையடித்து, நிலைக்கும் கதவுக்கும் புது நீலம் பூசியிருந்தார். படியில் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

“ஏறி வா மக்கா!”

மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா, இங்க யாரு செத்துட்டாங்க?”

நீட்டிய கை அப்படியே நின்றது.

“ஒண்ணுமில்லலே, ஏறு” என்றேன். அவன் ஏறவில்லை. எனக்கும் கால் எழவில்லை.