கைமணிக்கூட்டுக்கு அடியில்

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பம்பலப்பிட்டியில் என்னோடு ரியூசன் படித்த தோழி லண்டனிலிருந்து வந்திருந்தாள். பழைய வகுப்புப் பெண்களுக்கு ஹோட்டலில் பகல் சாப்பாடு. எல்லோரும் அந்தக் காலத்தில் உடுத்த மாதிரியே உடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று கட்டளை வேறு. பிள்ளை வளர்த்து முடிக்கிற வயதில் இதென்ன கூத்து என்று எரிச்சல் வந்தது. எரிந்துகொண்டே கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

கணுக்கால் வரைக்கும் டெனிம் பாவாடை, கட்டைச் சேர்ட், அடி உயர்ந்த செருப்பு, தலை நிறைய வண்ணத்துப்பூச்சி கிளிப். இவற்றுக்குத்தான் அப்போது எங்களிடம் மவுசு. என் பாவாடையை அம்மா எப்போதோ கிழித்து நிலம் துடைத்து முடித்துவிட்டார். ஆனால் பாருங்கள், அதே பாவாடையும் அதே கிளிப்பும் என் மகளின் அலுமாரியில் புத்தம் புதிதாய்க் கிடக்கின்றன. இப்போது அதுதான் ஃபேஷனாம். அவளுடைய இடுப்புக்கு வாங்கியது எனக்கு எங்கே பூட்டும்? சேஃப்டி பின் குத்தி, மேலே சேர்ட்டை இழுத்துவிட்டேன்.

"சூப்பரா இருக்கம்மா! பொட்டு மட்டும்தான் குறை" என்று மகள் கல் வைத்த ஒட்டுப்பொட்டு ஒன்றை என் நெற்றியில் ஒட்டினாள். என்னோடு வரப் புறப்பட்டுத் தொளதொள ஜீன்ஸ் போட்டிருந்த அவளும் கறுப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

என்னைப் படுத்தியது அந்தப் பொட்டுத்தான். அந்த நாளில் ஒட்டுப்பொட்டுக்கு நாங்கள் பைத்தியம். பாம்பு மாதிரி வளைந்தது, கல் பதித்தது, உடுப்பின் நிறத்துக்கு நிறம் என்று வாங்கிக் குவிப்போம். ஆனால் அதை வைத்துக்கொண்டு காலி வீதி என்ற அந்தப் பெரிய வீதியில் போக முடியாது. சண்டைக் காலம், ஆமிக்காரர் பஸ்ஸை மறிப்பார்கள். பொட்டைக் கண்டால் தமிழ் என்று தெரிந்துவிடும். இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, எங்கே தங்கியிருக்கிறாய், எதற்கு வந்தாய். அதனால் வீட்டுக் கண்ணாடியில் ஒட்டி அழகு பார்த்துவிட்டு, படியிறங்கும்போது உரித்துக் கைமணிக்கூட்டுப் பட்டிக்கு அடியில் ஒட்டிக்கொள்வோம். வகுப்புக்குள் நுழைந்ததும் பட்டியைத் திருப்பி, எடுத்து, மறுபடி நெற்றியில் வைப்போம். எங்கள் ஃபேஷன் எல்லாம் நாலு சுவருக்குள்தான்.

சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நான் இன்னும் வேலைக்கு வெறும் நெற்றியோடுதான் போகிறேன். கோயிலுக்கென்றாலும் வாசலில் இறங்கித்தான் பொட்டு. கேட்பவர்களிடம் எனக்குப் பொட்டு ஒத்துவராது, கடிக்கும் என்பேன். மகளுக்கும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன். என் பயம் அவளுக்கு எதற்கு? ஆனால் இன்றைக்கு எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலிலிருந்து அந்த ஹோட்டல் வாசல் வரைக்கும், பட்டப்பகலில், நெற்றியில் பொட்டோடு போக வேண்டும். ஒருமுறையாவது.

"இண்டைக்குக் கடிக்காதா?" என்று மகள் கேட்டாள்.

"கடிச்சால் கடிக்கட்டும்" என்றேன்.

ஓட்டோவில் ஏறிய நேரம் தொட்டு நெற்றி குறுகுறுத்தது. சேர்ட்டை இழுத்துவிட்டேன், கிளிப்பைச் சரிசெய்தேன், கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மகள் பக்கத்தில் ஃபோனுக்குள் குனிந்திருந்தாள். ஒரு சந்தியில் பொலிஸ்காரர் கைகாட்டி மறித்தார். குனிந்து ஓட்டோக்காரரிடம் லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். "ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். எங்கள் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. என் பொட்டை உரித்திருந்தேன். அதோடு நிற்காமல், எட்டி மகளின் பொட்டையும் உரித்திருந்தேன். இரண்டும் கைமணிக்கூட்டுப் பட்டிக்கு அடியில் போய்விட்டன. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகவே செய்தது.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"கோணலா இருந்தது. அங்க போய் ஒட்டிவிடுறன்."

"என்ரையும் கோணலா?"

நான் பட்டியைச் சரிசெய்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளை அண்டக்கூடாது என்று இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பயத்தை, நானே அவளுடைய நெற்றிக்குக் கொண்டுபோய்விட்டேன். திருப்பி எடுத்து ஒட்டவும் கை வரவில்லை.

ஹோட்டல் வாசலில் தோழி பாம்புப் பொட்டோடு நின்றாள். என் வெறும் நெற்றியைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவள்தான் சரியா அப்பத்தைய மாதிரியே வந்திருக்கிறாள்! வகுப்புக்கு வந்திட்டாய், இனி ஒட்டடி" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டியைத் திருப்பினாள்.

இரண்டு பொட்டுகள் இருந்தன. அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு என் மகளின் நெற்றியைப் பார்த்தாள்.

மகள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப உங்களுக்குப் பொட்டு கடிக்கிறேல்லை, என்னம்மா?" என்றாள்.