பிரண்டைத் துவையலும் மாவுக்கட்டும்

சென்ற மழைக்காலத்தில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார். அடுப்படி என் கணவர் கைக்குப் போனது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டீயைத் தவிர வேறெதுவும் போட்டறியாதவர்.

என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்கள் சுற்றுச்சுவரில் படர்ந்திருந்த பிரண்டையைக் காட்டி, "நல்லேரு இம்புட்டுக் கெடக்கே! துவையல் அரைச்சுக் குடுங்கண்ணே, எலும்புக்கு நல்லது" என்றார்.

மறுநாள் காலையிலேயே இவர் கத்தரிக்கோலோடு சுவரோரம் நின்றார். கொழுந்தும் முற்றலுமாக ஒரு கூடை. வெறுங்கையால் நறுக்கி முடிப்பதற்குள் முழங்கை வரை சொறிந்துகொண்டிருந்தார். எனக்கும் பிரண்டை சமைத்துப் பழக்கமில்லை.

சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து அவரே ஊட்டினார். விழுங்கியதும் நாக்கில் தொடங்கித் தொண்டை வரை ஒரே அரிப்பு. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. இரண்டாவது வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னட்டி, காரமா?" என்று தானும் ஒரு வாய் போட்டார். பிறகு இரண்டு பேரும் மோர்ச் சொம்பை மாற்றி மாற்றிக் குடித்தோம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா வந்தார். "புளி வச்சீங்களா?"

"இல்லையே."

"எண்ணெயில நல்லா வதக்குனீங்களா?"

"செத்த நேரம் வதக்குனேன்."

சிரித்துச் சிரித்து அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொழுந்தா மட்டும் பறிக்கணும்ணே. கையில நல்லெண்ணெய் தடவிட்டு நறுக்கி, நெறம் மாறுற வரைக்கும் வதக்கி, புளி வச்சு அரைக்கணும்."

அடுத்த துவையல் அருமையாக வந்தது. என் கணவர் அதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார்.

"சாப்பாட்டோட சேத்துக்கோங்க. அத நம்பி கட்டப் பிரிச்சுப் பத்து போட்டுறாதீங்க" என்றார் டாக்டர்.

"நானும் இவகூட தெனமும் சாப்பிடுதேன் சார்."

"இவுகளுக்கு கிட்னியில கல்லு வந்திருக்கு டாக்டர்" என்று நான் குறுக்கே சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு வேண்டாம் சார். கல்லு வந்தவங்களுக்கு இது ஆகாது."

அவர் முகம் தொங்கிப்போனது. அதன் பிறகு எனக்குத் துவையல் அரைத்து வைத்துவிட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு என் தட்டையே பார்த்தபடி சாப்பிடுவார்.

கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. "எல்லாம் துவையல் செஞ்ச வேலை" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரை சொல்லிக்கொண்டு வந்தார். கட்டும் ஓய்வும் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். மணிக்கட்டில் இன்னும் பழைய பலம் வரவில்லை. எங்கள் வீட்டில் இடியாப்பம் பிழிவது இப்போதும் அவர்தான்.