ஒரே பஸ் தூரத்தில் ஒரு வீடு

மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில் பிறந்தவள் நான். ரிசார்ட்டுகள் வந்த பிறகு அங்கே மனை விலை ஏறிய ஏற்றத்தில், நான் ஓடி விளையாடிய மணலில் கால் சென்ட் வாங்கக்கூட எங்களுக்கு வக்கில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன!

கணவருக்கு வேலை சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். அங்கேயும் பொத்தேரியிலும் சொன்ன விலையைக் கேட்டு, வாடகை வீடே தேவலை என்று திரும்பிவிட்டோம். மிச்சமிருந்தது இரண்டு. ஒன்று, அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கும் செய்யூர். எங்கள் பணத்துக்குக் கிணறும் தோட்டமுமாகத் தனி வீடு கிடைக்கும். இன்னொன்று, திருக்கழுக்குன்றத்தில் தீப்பெட்டி மாதிரி இரண்டு அறை.

அம்மாவிடம் கேட்டேன். கரையில் ஏலம் எடுத்து மீன் விற்பவள். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ஒரே பஸ்ஸுல வர்ற மாதிரி பாரு. செய்யூருன்னா மாறி மாறி ஏறணும். மீனு கெட்டுப்பூடும்."

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "மீனுக்காக யாராச்சும் வூடு வாங்குவாங்களா?"

"நான் வாங்குவேன்."

மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு வர அம்மாவுக்குத் தெரியாது. மீன் வந்து சேராத வீட்டுக்கு அவளும் வரமாட்டாள். எனக்கு அந்தப் பயம்தான். அவருக்கு அது புரியும்வரை வீட்டில் வெறும் ரசம்தான் வைத்தேன். கடைசியில், "போதும் தாயே" என்று கும்பிட்டுவிட்டு, திருக்கழுக்குன்றத்துக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

பால் காய்ச்சும் நாளன்று அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கையில் கூடை. ஹோமம் நடக்கிற வீட்டுக்கு மீனோடு வந்திருக்கிறாள்!

"எம்மா, இன்னிக்குப் போயா? மாமியார் பாத்தா இன்னா ஆவும்?"

"உள்ள எடுத்தாரலடி, கத்தாத." துணியை விலக்கி, ஒரு சங்கரா மீனின் செவுளை விரலால் திறந்து காட்டினாள். "ஐஸ்கூட போடல. இன்னும் செவப்பாத்தான் கீது பாரு. நான் வந்துகினே இருக்கலாம்டி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே வந்த கணவர் கூடையை வாங்கிக்கொண்டார்.

"பக்கத்து வூட்டு ஃபிரிட்ஜுல வெச்சிட்டு வரேன் அத்தை, நாளைக்குக் கொழம்பு. பாலு பொங்கப்போவுது, நீங்க உள்ள வாங்க."

அம்மா தெருக்குழாயில் கையைத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்குள் வந்தாள்.